கோவிந்தராசு கொடுத்த ரத்தம்

"உங்க ரத்தத்தையும் பாக்கணுமாம். நாளைக்குப் போயி குடுத்துட்டு வந்துடுங்க."

ஆதிலட்சுமி இதைச் சொன்னபோது கோவிந்தராசு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய்க்குள் போன கவளம் உள்ளேயும் இறங்காமல் வெளியேயும் வராமல் கன்னத்திலேயே தங்கிவிட்டது.

"எனக்கு எதுக்கு? முழுவாம இருக்கிறது நீதான?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அன்னிக்கு பாத்த ரத்தம் நெகட்டிவ் வகையாம். நூறு பேருல நாலஞ்சு பேருக்குத்தான் அப்படி இருக்குமாம். அதனால புருஷன் ரத்தம் என்னான்னு தெரிஞ்சாகணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

கோவிந்தராசு தண்ணீரைக் குடித்துக் கவளத்தை உள்ளே தள்ளினார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விருத்தாசலம் பீங்கான் எஸ்டேட்டில், சாமிதுரை முதலாளியின் கம்பெனியில், சூளைக்குத் தீ பார்க்கிறவர் அவர். அடைத்த கதவில் விட்டிருக்கும் சின்னத் துளை வழியாக உள்ளே பார்த்து, நெருப்பின் நிறத்தை வைத்தே ஜாடி வெந்ததா வேகவில்லையா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை சூளைக் கதவு சரிந்து விழுந்தபோது மற்றவர்கள் ரயிலடிப் பக்கம் ஓடினார்கள். இவர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிட்டே போனார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஊசி மட்டும் ஆகாது. ஊசியைப் பார்த்தால் முதலில் உள்ளங்கை வேர்க்கும், அப்புறம் காது அடைக்கும், அதற்கப்புறம் நடந்ததை மற்றவர்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல வழியில்லாமல் போனதற்குக் காரணம் மனைவியின் தைரியம். போன வாரம் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தபடி ஆதிலட்சுமி பக்கத்து லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போய் வந்தாள். துணைக்குப் போன அடுத்த வரிசைப் பூவாயி அதைப் பற்றி எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். லேப் வைத்திருக்கும் கியாசுதீன் பாய் ஊசியை ஏற்றும்போது ஆள் அசையவே இல்லையாம். சிரித்துப் பேசிக்கொண்டே கையை நீட்டியதைப் பார்த்து, ஆம்பளைகள்கூட இப்படி உட்கார மாட்டார்கள் என்று பாயே அசந்துபோனாராம். நாற்பத்தொரு வயதில் பிள்ளைத்தாய்ச்சி, அவளே அப்படி உட்கார்ந்திருக்கிறாள். தீக்கு அஞ்சாத ஆம்பளை, ஊசிக்குப் பயம் என்று எந்த வாயால் சொல்வது?

நாற்பத்தொன்று என்றால் அந்த ஊரில் பேரன் பேத்தி எடுக்கிற வயது. கல்யாணமான புதிதில் ஆதிலட்சுமிக்கு இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கோயில், மருந்து, விரதம் எல்லாம் செய்து ஓய்ந்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவளும் கம்பெனிக்கு வந்து பொம்மைகளுக்குக் கண் எழுத உட்கார்ந்தாள். பங்களாதேஷ் சண்டை முடிந்த அடுத்த வருஷம் மாதவிலக்கு நின்றபோது, வயதாகிவிட்டது, நின்றுவிட்டது என்றுதான் நினைத்தாள். ஜங்ஷன் ரோட்டு எஸ்தர் டாக்டரம்மா சோதித்துச் சொன்ன விஷயத்தை அவள் வெளியே வந்து சொன்னதும் புருஷனும் பெண்டாட்டியும் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதார்கள். அங்கே காத்திருந்தவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

எப்படியாவது இந்தப் பிள்ளை தங்க வேண்டும். கோவிந்தராசுவுக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஊசி மட்டும் வேண்டாம்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. சூளையைப் பற்றவைத்துவிட்டால் ஆள் இல்லாமல் விடக் கூடாது. கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் சிலேட்டில் அன்றைக்குத் தீ பார்க்கிறவனின் பெயரை எழுதிவிடுவார்கள். அந்த ஆளுக்குக் காய்ச்சல், கருமாதி, மச்சான் கல்யாணம் என்று ஏதாவது வந்தால் இன்னொருவன் பதிலாள் நிற்பான். சிலேட்டில் பெயரை மாற்ற மாட்டார்கள். முதலாளியும் கேட்க மாட்டார். நெருப்பு அணையாமல் இருந்தால் அவருக்குப் போதும். கோவிந்தராசுவுக்கு எப்போதும் பதிலாள் நிற்கிறவன் பக்கிரி. ஒரு தீபாவளிக்கு இனாம் வேட்டியைக்கூட அவன்தான் கோவிந்தராசுவாக நின்று வாங்கிவந்து இவரிடம் கொடுத்தான். பூவாயியின் புருஷன் அவன்; அவளுக்குத் தாய்மாமன் முறையும்கூட. அக்கா மகளைக் கட்டிக்கொண்டு ஐந்து பிள்ளைகளோடு அடுத்த வரிசை வீட்டில் இருந்தான்.

மறுநாள் காலையில் கோவிந்தராசு அவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பக்கிரி ஏன், எதற்கு என்று ஒன்றுமே கேட்கவில்லை.

"ரத்தந்தானண்ணே? எங்கிட்ட நெறைய இருக்குது."

அவன் போய், பெயர் கோவிந்தராசு என்று சொல்லி, கையை நீட்டிவிட்டு, திரும்பி வரும்போது டீக்கடையில் இரண்டு முட்டை போண்டா தின்றுவிட்டு வந்தான். போண்டாவுக்குக் கோவிந்தராசு காசு கொடுத்தார். வீட்டுக்குப் போய் முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சை ஒட்டவைத்துக்கொண்டு படுத்தார். ஆதிலட்சுமி அவருக்கு முருங்கைக்கீரை சூப்பு வைத்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவள் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள். அவள் முகம் அப்படி விரிந்து அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"ரெண்டு ரத்தமும் நெகட்டிவாம். இனிமே அந்தக் கவலையே இல்லன்னு சொல்லிட்டாங்க. இப்படி ஜோடி அமையறது ரொம்ப அபூர்வமாம். சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களான்னுகூட கேட்டாங்க. இல்லங்க, அவங்க பெண்ணாடம், நான் நல்லூருன்னேன்."

"சரி. இல்லன்னா என்ன கவலை?" என்று கோவிந்தராசு சாதாரணமாகத்தான் கேட்டார்.

டாக்டரம்மா படம் போட்டு விளக்கியதை ஆதிலட்சுமி அப்படியே சொன்னாள். அம்மா நெகட்டிவாக இருந்து அப்பா பாசிட்டிவாக இருந்தால் பிள்ளைக்கு அப்பாவின் வகை வரலாம். அப்போது அம்மாவின் ரத்தம் பிள்ளையின் ரத்தத்தை வேற்றாள் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம் தங்குகிறதுகளுக்குத்தான் ஆபத்து. இவளுக்கு ஏற்கெனவே இரண்டு கலைந்திருப்பதால்தான் டாக்டரம்மா பயந்தாராம். அப்பாவும் நெகட்டிவ் என்றால் சண்டைக்கு ஆளே கிடையாது.

சொல்லிவிட்டு அவள் கோயிலில் நெய் விளக்கு போடக் கிளம்பினாள். கோவிந்தராசு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்த இடம் அவருக்குச் சுட்டது.

கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வரலாமா என்று முதலில் யோசித்தார். நியாயம் கேட்டு அங்கே எழுதிக் கட்டினால் சாமி விசாரித்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் பிராதில் குற்றவாளியின் பெயரை எழுத வேண்டும். யோசித்துப் பார்த்தால் அது கோவிந்தராசு என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அதனால் அந்த யோசனையை விட்டார்.

ஊசி குத்திக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று அவருக்கே தெரிந்தது. பக்கிரி நெகட்டிவ் என்றால் தானும் நெகட்டிவாக இருக்கக் கூடாதா, ஒரே சூளையில்தானே வேகிறோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கியாசுதீன் பாயின் லேபுக்குப் போனார். பாய் பெயரைக் கேட்டதும்தான் சிக்கல் புரிந்தது. பீங்கான் கம்பெனி கோவிந்தராசு ஏற்கெனவே வந்து போய்விட்டான்.

"பக்கிரி" என்றார்.

அப்புறம் நடந்ததைப் பாய்தான் அவருக்குச் சொன்னார். ஊசியை எடுத்ததுமே சாய்ந்துவிட்டாராம். சாய்ந்தது வசதியாகப் போயிற்று என்று பாய் அப்படியே ரத்தத்தை எடுத்துக்கொண்டாராம். சோடா குடித்து, கொஞ்ச நேரம் பெஞ்சில் கிடந்து, முடிவைக் கேட்டார்.

"பாசிட்டிவ்ங்க. எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

"நல்லாப் பாத்தீங்களா பாய்?"

"நல்லாத்தாங்க பாத்தேன். இதுக்குப் போயி ஏன் அழுவுறீங்க? நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல இதாங்க."

கோவிந்தராசுவுக்கு அந்தத் தொண்ணூறு பேரால் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் ஆதிலட்சுமி பாடிக்கொண்டே பழைய புடவையைக் கிழித்துத் தூளிக்குத் துணி சேர்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் இருப்பது பெண்ணாக இருந்தால் தன்னைப் போலக் கண் எழுதவிட மாட்டாளாம், டாக்டருக்குப் படிக்கவைப்பாளாம். அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

இன்னொரு முறை டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வாயேன் என்று சொல்லிப் பார்த்தார். எதற்கு, அவர்களே கவலை இல்லை என்றுவிட்டார்களே என்றாள். கண் எழுதப் போக வேண்டாம் என்றார். வீட்டில் உட்கார்ந்தால்தான் கண்டதை நினைத்துப் பயம் வருகிறது என்றாள். அவள் குடத்தைத் தூக்கினால் ஓடிப்போய் வாங்கினார். தும்மினால் எழுந்து உட்கார்ந்தார். ஒருநாள் அவள் வயிற்றருகே காதை வைத்துக்கொண்டு உள்ளே சண்டை நடக்கிற சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் விழித்துக்கொண்டாள். அவருக்குப் பிள்ளை மேல் இத்தனை ஆசை இருந்ததே தெரியாமல் போயிற்றே என்று சொல்லி அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். அது அவரை இன்னும் கொன்றது.

கடைசியில், டாக்டரம்மாவிடமே போய் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நடுவில் ஒற்றை ஆம்பளையாக வரிசையில் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் உள்ளே போனார். எஸ்தர் டாக்டரம்மாவின் மேசையில், ஒரு தட்டில், வரிசையாக ஊசிகள் இருந்தன.

"பேரு?"

"பக்கிரிங்க" என்றார். உள்ளங்கை வேர்த்துவிட்டிருந்தது.

"என்ன பண்ணுது?"

"தலைவலிங்க."

டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார். உடம்பு ரொம்ப அசந்துபோயிருக்கிறது, ஒரு ஊசி போட்டுக்கொண்டு போங்கள் என்றார். கோவிந்தராசு வீட்டுக்கு வந்த பிறகுதான் செருப்பை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது.

இப்படி ஒரு மாதம் போனது. ஆதிலட்சுமிக்கு லேசாக வயிறு தெரிய ஆரம்பித்தது. அவள் தேறினாள், இவர் இளைத்தார். எஸ்டேட்டில் மசக்கை புருஷனுக்கா பெண்டாட்டிக்கா என்று கேலி பேசினார்கள்.

ஒரு மத்தியானம் கியாசுதீன் பாய் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். பக்கத்து மங்களூரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போகிறது, அவளுக்கும் அதே வகை நெகட்டிவ், உடனே கோவிந்தராசு வர வேண்டும் என்று டாக்டரம்மா அனுப்பியிருந்தார். சாமிதுரை முதலாளி தன் ஆள் ஒருவன் இத்தனை வேண்டப்பட்டவனாக இருக்கிறானே என்று பெருமைப்பட்டு, தானே சூளைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

கோவிந்தராசு வந்து நின்றார். பாய் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இவரு இல்லீங்க. இவரு பக்கிரி. ஊசியப் பாத்தா வுழுந்துடுவாரு."

"பாய், இவன் எங்கிட்ட பதினஞ்சு வருஷமா இருக்கான். இவந்தான் கோவிந்தராசு."

அந்த நேரம் பார்த்து நிஜப் பக்கிரி களிமண் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பாய்க்கு உயிர் வந்தது.

"இதோ இருக்காரே கோவிந்தராசு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது பெயர் விசாரணை நடத்துவது சரியல்ல என்று கோவிந்தராசுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கிரியை முன்னால் தள்ளினார்.

"போடா தம்பி. சீக்கிரம் போ."

பக்கிரி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு சைக்கிள் கேரியரில் ஏறினான். அவன் கொடுத்த ரத்தத்தில் அந்த மங்களூர்ப் பெண் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. சாயங்காலம் கியாசுதீன் பாய் டாக்டரம்மாவிடம் தன் சந்தேகத்தைச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கோவிந்தராசு, அவர் மனைவி, பக்கிரி எல்லோரும் வந்தாக வேண்டும் என்று ஆள் வந்தது.

போனார்கள். ஆதிலட்சுமிக்குத் துணையாகப் பூவாயியும் வந்தாள். டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே கோவிந்தராசு ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். ஊசிப் பயம், பதிலாள், பஞ்சு, பாசிட்டிவ், தலைவலி எல்லாம் வந்தது. சொல்லும்போது மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. சொல்லி முடித்த பிறகு பார்த்தார். அவள் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்திருந்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பூவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எஸ்தர் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நிறையப் பிரசவம் பார்த்தவர், இப்படி ஒரு தகப்பனைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"இது என்ன சூளைன்னு நெனச்சீங்களா, யாரு நின்னா என்னான்னு? நான் அந்த முடிவை நம்பி ஒரு மாசம் சும்மா இருந்துட்டேன்."

கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்ததைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. அதட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் புரியும்படி சொன்னார். நாற்பது தாண்டிப் பிள்ளை பெறுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் என்று எல்லாவற்றையும் முன்னாலேயே பார்ப்பது பயமுறுத்த அல்ல. எதில் கண் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றாலே பிள்ளை போய்விடும் என்று அர்த்தம் இல்லை. அம்மாவின் ரத்தம் சண்டைக்குத் தயாராகிவிட்டதா என்று ஒரு சோதனை இருக்கிறது, பாண்டிச்சேரிக்கு அனுப்பிப் பார்க்கலாம். அதற்கு ரத்தம் வேண்டும்.

"இனிமே உங்க யாரையும் நம்பறதா இல்ல. என் கண்ணு முன்னால நானே எடுக்கறேன். நீ வாம்மா."

ஆதிலட்சுமி வரவில்லை. மயக்கமாக வருகிறது என்றாள், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள், வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாமா என்றாள். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தவளின் கை நடுங்குவதைக் கோவிந்தராசு பார்த்தார். போன மாதம் சிரித்துக்கொண்டே கொடுத்தவளை இப்படி நடுங்கவைத்துவிட்டோமே, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அவளை இப்படிப் பயப்படவிட்டோமே என்று தன்னைத் தானே நொந்துகொண்டார். தட்டில் இருந்த ஊசியைப் பார்க்காமல், அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தோளைப் பிடித்தபடி நின்றார். அவர் விழவில்லை. அதை அவரே கவனிக்கவில்லை.

"முன்ன ரெண்டு தடவையும் ஊசி குத்திட்டு வந்த மறுநாளுதாங்க கலைஞ்சுது" என்று அவள் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

டாக்டரம்மாவுக்கும் கேட்டுவிட்டது. கலைகிற மாதிரி இருந்ததால்தான் அப்போது ஊசி போட்டிருப்பார்கள், ஊசியால் கலையவில்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே எடுத்து முடித்துவிட்டார். கொஞ்சத்தைப் பாண்டிச்சேரிக்கு என்று மூடிவைத்தார். வகையை இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று மீதியைக் கியாசுதீன் பாயிடம் அனுப்பினார்.

முடிவு வர அரைமணி நேரம் ஆனது. பக்கிரி போய்க் காபி வாங்கிவந்தான். யாரும் குடிக்காததால் அவனே ஒவ்வொன்றாகக் குடித்தான்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"பாசிட்டிவ்ங்கம்மா."

"யாரு ரத்தம்?"

"இப்ப நீங்க எடுத்துக் குடுத்ததுதான். மூணு தரம் பாத்துட்டேன்."

டாக்டரம்மா எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு சிரித்தார். அம்மா பாசிட்டிவ் என்றால் அப்பா எந்த வகையாக இருந்தாலும் இந்தச் சண்டைக்கு வழியே கிடையாது; பாண்டிச்சேரிக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்; ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருக்கிறது; மாதாமாதம் வந்து காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றார். கோவிந்தராசு இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது முறை கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்து, தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். ஆதிலட்சுமி குனிந்து அவர் தலையில் கை வைத்தாள். அவளும் அழுதாள். ஒரு மாதமாக மார்பில் இருந்த பாரம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இறங்கியது.

டாக்டரம்மா அவர்களை அழவிட்டுவிட்டு பாயின் பக்கம் திரும்பினார். ரத்த வகை பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் மாறாது. அப்படியானால் போன மாதம் நெகட்டிவ் என்று சொன்னது எப்படி என்று கேட்டார். அன்றைக்கும் மூன்று தரம் பார்த்துத்தான் சொன்னேன், வேண்டுமானால் மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் பார்வை அறைக்குள் இருந்த முகங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. டாக்டரம்மாவும் அதைப் பார்த்துவிட்டார்.

கோவிந்தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தன்னால் பாய்க்குக் கெட்ட பெயர் வரக் கூடாது, தன் மனைவி மேலும் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

"தப்பு பண்ணது நான் ஒருத்தன்தாங்கம்மா. எம் பொஞ்சாதிக்கு ஏமாத்தத் தெரியாதுங்க. அவ சிரிச்சுக்கிட்டே கையை நீட்டுனவ."

ஆதிலட்சுமி கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து பூவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சிரிச்சுக்கிட்டே நீட்டுனது நாந்தாங்கம்மா, எங்க வூட்டுக்காரரு அண்ணன் பேருல குடுத்தாரு, நானு அக்கா பேருல குடுத்தேன், எங்களுக்கு அஞ்சும் பொறந்து அவருக்கு ஆபரேசனும் ஆயிடுச்சு, இனிமே எந்தச் சண்டையும் வராதுங்களே?"